குதிரையை விட்டு இறங்காதவள்

"ஹலோ... ஹலோ, அக்கா? கேக்குதா?... ஹலோ!... நான்தான், சுலெய்மா... இரு, இரு, கொஞ்சம் திரும்பி நிக்கறேன்... இப்ப?... ஆங், கேக்குதா? சரி, அசையாத... ஐயோ, உன்னச் சொல்லல, நான்தான் அசையக் கூடாது. குளிர்ல வாய் கொழறுது."

வீட்டுக்குப் பின்னால், மாட்டுப் பட்டியைத் தாண்டிய சரிவில் ஒரு பாறை இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் கைபேசி உயிர் பெறும் ஒரே இடம் அதுதான். வலது காலைப் பாறையின் மேட்டிலும் இடது காலை அதன் பள்ளத்திலும் வைத்து, முகத்தைப் பனிமலைப் பக்கம் திருப்பி நின்றால் திரையில் இரண்டு கோடுகள் தெரியும். ஒரு காலை எடுத்தால் போயிற்று. நான்கு மாதத்தில் இந்த ஊரைப் பற்றி சுலெய்மா சரியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான் என்று அவளுடைய கணவன் எலியேசர் ஒருநாள் கிண்டல் செய்தான். அன்று அவனுக்குச் சூப் ஆறித்தான் கிடைத்தது.

"நான் சொல்றத முழுசா கேளு. நடுவுல பேசாத. வர்ற வெள்ளிக்கிழம லாரி வருது. நான் அதுல ஏறிடுவேன்... ஆமா... ஆமா, ஆமா, நான் மட்டும்தான்... அவரு வரல. அவரு எதுக்கு வரணும்? அவருக்கு இங்க எல்லாம் நல்லாத்தான் போகுது... உன்கிட்டதான், சாந்தியாகோவுக்குத்தான். வேற எங்க போவேன், மரகாய்போவுக்கா?... அந்த மடக்குக் கட்டில் இருக்கில்ல, அத எடுத்து வெய்யி... துணி காயப்போட்டிருக்கியா? அப்ப துணிய எடு!"

மரகாய்போ ஏரிக்கரையில், நிழலுக்குக்கூட வியர்க்கும் ஊரில் பிறந்தவர்கள் இந்த அக்காவும் தங்கையும். வெனிசுவேலாவை விட்டு முதலில் வந்தவள் அக்கா மரிலூஸ். சிலியின் தலைநகரில், ஒரு சந்தைக்குப் பின்புறம், மூன்று நாற்காலி போட்டு முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். பின்னால் வந்த சுலெய்மாவும் எலியேசரும் அவளுடைய ஒற்றை அறையில் ஒரு வருடம் ஒண்டியிருந்தார்கள். பிறகுதான் எலியேசருக்கு இந்தத் தெற்குக் கோடியில் மாட்டுப் பண்ணை வேலை கிடைத்தது. கோடை முடியும்போது வந்தார்கள். இப்போது ஜூன் மாதம். வேலிக் கம்பியில் பனி உறைந்து தொங்கியது.

"என்ன ஆச்சுன்னா கேக்கற? என்ன ஆகல? இங்க ஒரு பொம்பள இருக்கா... ஆமா... ஆமாங்கறேன்ல. ஒத்தீலியா. ஆத்துக்கு அந்தப் பக்கம் வீடு. புருசன் வெள்ளத்துல போயி அஞ்சு வருசம் ஆச்சு. வயசான அப்பனோட இருக்கா... அழகா? என்னத்த அழகு. கன்னம் ரெண்டும் தக்காளி மாதிரி. பின்னல் இடுப்பு வரைக்கும்... இடுப்புக்குக் கீழயும் கொஞ்சம். குதிரை மேல உக்காந்தா ஏதோ அங்கேயே மொளைச்ச மாதிரி இருப்பா... நான் எங்க புகழ்றேன்? இருக்கறதச் சொல்றேன்."

காற்று ஆற்றுப் பக்கமிருந்து வந்தது. அவள் சால்வையைக் காது வரை இழுத்துக்கொண்டாள். காலில் நகரத்து விளையாட்டுக் காலணி. உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மெல்லிய காலுறை. விரல்கள் சிவந்து வீங்கி, இரவும் பகலும் அரித்தன.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்பிட்டதும் கெளம்பிடறாரு... எங்கன்னா வேலி பாக்கணுமாம். ஞாயித்துக்கெழம என்ன வேலி? மாடு மாதாகோயிலுக்கா போகப் போகுது? அதுவும் தலைய வாரிக்கிட்டுப் போறாரு, அக்கா. கல்யாணத்தன்னைக்கு வாரினது, அப்புறம் இப்பதான். வேலி அந்தப் பக்கம், இவரு போறது ஆத்துப் பக்கம். இந்தக் கல்லு மேலேருந்து எனக்கு எல்லாம் தெரியுது. நேரா அவ வீட்டுப் புகை இருக்கற தெசைக்குத்தான் போறாரு, இன்னைக்கும் போயிருக்காரு... இரு, இன்னும் இருக்கு. திரும்பி வரும்போது தலையில வைக்கோல்!... வைக்கோல்னா வைக்கோல்தான், மாடு திங்குமே, அது. சட்டைக்குள்ள வைக்கோல். காதுக்குப் பின்னாடி வைக்கோல்... நொண்டிக்கிட்டு வராரு. இடுப்பப் புடிச்சுக்கிட்டு உக்கார்றாரு. 'என்னங்க ஆச்சு'ன்னு கேட்டா, 'குளிர்ல நரம்பு இழுத்துக்கிச்சு'ங்கறாரு. அப்புறம் முதுகுல தைலம் தேய்க்கச் சொல்றாரு. நான் தேய்க்கணுமாம், அக்கா! நான்!"

அவள் சட்டென்று நிறுத்திக் காதைக் கூர்மையாக்கினாள்.

"யாரு சிரிக்கறது?... மரிலூஸ், யாரு அது?... ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா? கையில சாயம்னா என்ன, கழுவிட்டு எடுக்கறது! எத்தன பேரு இருக்காங்க கடையில?... அஞ்சா!... யாரு, யோலாந்தாவா? இதோ பாரு யோலாந்தா, உன் புருசன் கதையெல்லாம் நான் யாருகிட்டயாவது கேட்டேனா?... என்ன? அவரு பையத் தூக்கி வெளிய போடணுமா? பை ஒண்ணுதான்டி இருக்கு, ரெண்டு பேரு துணியும் அதுலதான். தூக்கிப் போட்டா என் துணியும் சேந்து போகும்... யாரு நாற்காலியில? யாரது பேசாம இருக்கறது?... தென்பக்கத்து அம்மாவா? சாயம் ஊற வெச்சிருக்காங்களா? அவங்களாவது பேசாம இருக்காங்களே, நல்ல மனுசி. மத்தவங்களயும் அப்படியே இருக்கச் சொல்லு."

கைபேசியின் உறைக்குள், மரகாய்போவைக் காக்கும் சிகின்கிரா மாதாவின் சிறு படம் ஒன்றைச் சொருகி வைத்திருந்தாள். அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிக்கொண்டாள். மாதாவின் முன்னால் பொய் சொல்லக் கூடாது என்பது அவள் சிறு வயதிலிருந்து கட்டிக் காத்த ஒழுங்கு. இவ்வளவு நேரம் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் கட்டைவிரலைப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"நல்லவரா? நல்லவருதான்... ஆமா... ஆமா, எனக்குக் காய்ச்சல் வந்தப்போ உன் வீட்டு அஞ்சு மாடியும் என்னைத் தூக்கிட்டுத்தான் எறங்கினாரு. நான் இல்லன்னு சொல்லலியே. ஆனா அக்கா, நல்லவரு பொய் சொல்ல மாட்டாரா? இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது, 'குதிரை ஏறத் தெரியுமா'ன்னு கேட்டாங்களே, ஞாபகம் இருக்கா? மரகாய்போவுல மினி பஸ் ஓட்டின மனுசன், கண்ணக் கூடச் சிமிட்டாம, 'நான் பொறந்ததே குதிரை மேலதான்'னு சொன்னாரே! நீயும் நானும் வெளிய வந்து வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். அன்னைக்கே நான் யோசிச்சிருக்கணும், எவ்வளவு அழகாப் பொய் சொல்றாருன்னு... குதிரைக்கு என்ன? குதிரை பண்ணையில இருக்கு, இவரு நடந்தேதான் மாட்டுக்குப் பின்னாடி போறாரு. 'குதிரைக்கு வயசாயிடுச்சு, பாவம்'ங்கறாரு. அடுத்த வாரம் பெரிய மேஸ்திரி வந்து, மேல மலைக்கு மாடு எண்ண, குதிரையில, கூட்டிட்டுப் போவாராம். அந்தக் கவல ஒரு துளியாவது இருக்கா? ஞாயித்துக்கெழம ஆனா சீப்பத் தேடறாரு."

மறுமுனையில் மரிலூஸ் ஏதோ கேட்டாள். சுலெய்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பாத்தியான்னா?... கண்ணால பாக்கணுமா? அவளே இங்க வராளே! ஆமா... வீட்டு வாசலுக்கே. ஞாயித்துக்கெழம இவரு திரும்பி வந்த கொஞ்ச நேரத்துல வருவா. கேட்டுக்கு வெளிய குதிரைய நிறுத்துவா. எறங்க மாட்டா. அப்படியே மேல உக்காந்துக்கிட்டு வீட்டையே பாத்துக்கிட்டிருப்பா. நாய் ரெண்டும் கொலைக்கும். 'ஆலோ'ன்னு ஒரு குரல் குடுப்பா. அவ்வளவுதான். அப்புறம் வாயே தொறக்க மாட்டா, மகாராணி... நானா? நான் எதுக்கு வெளிய போகணும்? திரைக்குப் பின்னாடி நின்னு பாப்பேன். இவரு கேட்டுக்குப் போயி ரெண்டு வார்த்த பேசுவாரு. அவ ஒரு பையக் கம்பத்துல மாட்டிட்டுத் திரும்பிடுவா... ரொட்டி, பாலாடைக் கட்டி, ஒரு நாளு ஆட்டுத் தொடை. நான் தொடல. அவரு தின்னாரு, முழுசா. எலும்பக் கூட உறிஞ்சினாரு. நான் கிழங்க அவிச்சுத் தின்னேன்."

"நம்ம ஊருல யாராவது அப்படி வாசல்ல நிப்பாங்களா, அக்கா? வந்தா நேரா அடுப்படிக்கு வந்து, சட்டி மூடியத் தொறந்து, 'உப்பு கம்மி'ன்னு சொல்லிட்டு அப்புறம்தானே சவுக்கியமான்னு கேப்பாங்க? மனசுல கள்ளம் இல்லாதவ உள்ள வரணும். உள்ள வராதவளுக்கு என்ன அர்த்தம்?... ஆமா... அதத்தான் நானும் சொல்றேன்... யோலாந்தா, நீ சும்மா இரு, எனக்கே கோவம் இருக்கு, நீ வேற கடன் குடுக்காத."

அவள் மூச்சு வாங்கினாள். சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்ததும் தானாகவே வெளியே வந்தது.

"போன மாசம் ஒரு காலுறை குடுத்தனுப்பியிருக்கா. கம்பளி. அவளே பின்னினது. இவரு அத ரெண்டு கையில ஏந்திக்கிட்டு வந்து, 'இத ஒத்தீலியா'ன்னு ஆரம்பிச்சாரு. அந்தப் பேரக் கேட்டதும் எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. 'நீங்களே போட்டுக்கங்க'ன்னு மூஞ்சியில வீசிட்டேன்... போட்டுக்கிட்டாரே! அன்னைலேருந்து கழட்டல. இவரு காலோ படகு மாதிரி. குதிகாலு வரவேண்டிய எடம் பாதி உள்ளங்கால்ல நிக்குது. அப்படியும் மாட்டிக்கிட்டுத் திரியறாரு, அவ்வளவு ஆசை... என்னையா? என்னைக் கண்டா அவளுக்கு எளக்காரம். மொத நாளு லாரிய விட்டு எறங்கினப்போ அங்கதான் நின்னுக்கிட்டிருந்தா. என் காலையே பாத்தா. இந்த ஷூவ மேலயும் கீழயும் பாத்துட்டு நாக்கால 'ச்சு'ன்னா. அன்னைக்கே எனக்குப் பிடிக்கல."

பேசிக்கொண்டே இருந்தவள் பேச்சை நிறுத்தினாள். கீழே ஆற்றுப் பாதையில், இலையுதிர்ந்த மரங்களின் இடையில், இரண்டு குதிரைகள் வந்துகொண்டிருந்தன.

"அக்கா... இரு... வராங்க... ரெண்டு பேரும்! ரெண்டு குதிரையில! சேந்து வராங்க, அக்கா, பட்டப்பகல்ல, ஊர்கோலம் மாதிரி!... ஊருல யாரு இருக்கான்னா? யாரும் இல்லாட்டி என்ன, ஆண்டவன் பாக்கறாரில்ல?... ஆமா, அவரேதான். அந்தச் செவப்புத் தொப்பி நான் வாங்கிக் குடுத்தது. முன்னாடி அவ, பின்னாடி இவரு. அவ கையில... இவரு குதிரையோட கயிறு அவ கையிலயா இருக்கு? ஏன் அவ புடிச்சிருக்கா?... எப்படி உக்காந்திருக்காருன்னா... என்னத்தச் சொல்ல. உருளைக்கிழங்கு மூட்டைய ஏத்தி விட்ட மாதிரி. ரெண்டு கையாலயும் குதிரை முடியப் புடிச்சிருக்காரு. அவ ஏதோ சொல்றா. கைய எடுக்கச் சொல்றா போல. எடுக்கறாரு... ஒரு கை எடுத்துட்டாரு... இப்ப கயித்த அவரு கையிலயே குடுத்துட்டா. குதிரை கொஞ்சம் ஓடுது... எதுக்கு ஓடுது?... ஐயோ சாய்றாரு... ஐயோ... ஐயையோ! மாதாவே! விழுந்துட்டாரு!"

குரல் சரிவில் மோதித் திரும்பியது. கீழே பட்டியில் நின்ற மாடுகள்கூடத் தலை தூக்கின.

"கீழ! குதிரையிலேருந்து! தலைகுப்புற!... தெரியல, அசையல... இரு... எழுந்திருக்காரு. எழுந்துட்டாரு. பின்பக்கத்தத் தடவிக்கறாரு. இந்தப் பக்கம் யாராவது பாக்கறாங்களான்னு பாக்கறாரு. நான் குனிஞ்சுட்டேன்... கேக்குதா? நிமிர்ந்துட்டேன், இப்ப கேக்குதா?... அவ தொப்பிய எடுத்துக் குடுக்கறா. முதுகுல இருக்கற வைக்கோலத் தட்டி... இல்ல, அவரேதான் தட்டிக்கறாரு. பாதை முழுக்க அவ வைக்கோல் ஏத்திக்கிட்டுப் போற வண்டியிலேருந்து சிந்தினது... மறுபடியும் ஏறறாரு. ஒரு தடவ... முடியல. ரெண்டு... அந்தப் பக்கமா போயி விழப் பாத்தாரு... யாரும் சிரிக்காதீங்க! யோலாந்தா, உன் சத்தம்தான் பெருசா கேக்குது!... மூணு. ஏறிட்டாரு."

அப்புறம் சுலெய்மாவும் சிரித்துவிட்டாள். வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நடுவழியில் வேறு ஏதோவாக மாறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா... ஆமா, புரியுது. எனக்குப் புரியாதா? வைக்கோலு, நொண்டறது, தைலம், எல்லாம் புரியுது. குதிரை ஏறக் கத்துக்கறாரு. மேஸ்திரி வர்றதுக்குள்ள... ஆமா... ஆனா அக்கா, இதுதான் எனக்கு இன்னும் ஆறல. என்கிட்ட ஏன் சொல்லல? அவ முன்னாடி விழலாம், என் முன்னாடி விழக் கூடாதா? அவளுக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக் கூடாதா? கட்டிக்கிட்டவ நானா அவளா?... நான் சிரிச்சிருப்பேனா?... சரி, சிரிச்சிருப்பேன். சிரிச்சிட்டுத் தைலம் தேச்சிருப்பேன்ல!... என்ன?... நான் எப்ப அப்படிச் சொன்னேன்?... பஸ் நிலையத்துலயா?... "

அக்கா அவளுக்கு ஒரு பகலை நினைவுபடுத்திக்கொண்டிருந்தாள்.

சாந்தியாகோ பேருந்து நிலையத்தில், பையின் வாயைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த எலியேசரிடம் அவள் சொன்னது அது. இந்த வேலையும் போயிற்று என்றால் மூன்றாவது தடவை மூட்டை கட்ட மாட்டேன். நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கோபத்தில் சொன்னதுகூட இல்லை, களைப்பில் சொன்னது. அவன் நிமிரவே இல்லை. முடிச்சை இன்னும் இறுக்கிப் போட்டான். அந்த முடிச்சை இங்கே வந்து கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது.

"...ம்... சொன்னேன்... ஆமா... ஆமா, சொன்னேன். அதையா மனசுல வெச்சுக்கிட்டிருக்காரு, பைத்தியக்கார மனுசன்... நான் அழல. காத்து... காத்துல கண்ணு கரிக்குது."

கீழே, பாதை திரும்பும் இடத்தில், எலியேசர் குதிரையிலிருந்து ஒருவழியாக வழுக்கி இறங்கினான். கயிற்றை அவளிடம் கொடுத்தான். உடம்பை உதறிக்கொண்டு, வேலி பார்த்துவிட்டு வருகிறவனைப்போலக் கைகளைப் பின்னால் கட்டி, மாட்டுக் கொட்டகைப் பக்கம் நொண்டி நொண்டி நடந்தான்.

"அங்கயே எறங்கி நடந்து வராரு, எனக்குத் தெரியக் கூடாதாம். திருட்டு மூஞ்சி... அவளா? அவ அந்தக் குதிரைய மரத்துல கட்டிட்டு இங்கதான் வரா. வந்துட்டா. கேட்டுல நிக்கறா. வழக்கம்போல. கேக்குதா, நாய் கொலைக்கறது?... 'ஆலோ'ன்னா. இப்ப உக்காந்துக்கிட்டு வீட்டையே பாக்கறா. நான் மேல இருக்கறது தெரியல. பாரு, சரி, குதிரை ஏறச் சொல்லிக் குடுத்தா, நல்ல விசயம்தான். நான் அத ஒத்துக்கறேன். ஆனா இந்தத் திமிரு எதுக்கு? ரெண்டடி எறங்கி உள்ள வந்தா கிரீடம் விழுந்துடுமா?... ஏன் எறங்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவளத்தான் கேக்கணும்... என்ன? யாரு பேசறது?... தென்பக்கத்து அம்மாவா? இவ்வளவு நேரம் பேசாம இருந்தவங்களா?... குடு, குடு, கிட்டக்க வெய்யி... வணக்கம்மா... ஆமாம்மா... கொக்ரான் ஊரத் தாண்டி, ஆமா, இன்னும் உள்ள... நீங்க பொறந்தது அங்கதானா?... சொல்லுங்கம்மா."

அவள் நெற்றி சுருங்கியது. பிறகு மெல்ல விரிந்தது. பிறகு அவள் முகத்தில் இருந்த சிவப்பு குளிரால் மட்டும் வந்ததாக இல்லை.

"...யாரு சொல்லணும்?... வீட்டுல இருக்கறவங்க வெளிய வந்து, 'எறங்குங்க'ன்னு சொல்லணுமா?... சொல்லாட்டி?... சொல்லாட்டி எறங்கவே கூடாதா? தானா எறங்கினா மரியாத இல்லையா?... எவ்வளவு நேரம் ஆனாலுமா?... அவருதான் கேட்டுக்குப் போயிப் பேசினாரேம்மா... ஓ... ஆம்பள சொன்னா ஆகாதா?... ஆமா, புருசன் இல்லாத பொம்பள, வீட்டுக்காரி வந்து கூப்பிடாம எப்படி... ஆமா... ஆமாம்மா. நீங்க சொல்றது... ஆமா."

அந்த அம்மாள் இன்னும் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். சுலெய்மாவின் காதில் அவை ஏறவில்லை. அவள் மனதுக்குள் ஞாயிற்றுக்கிழமைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கேட்டுக்கு வெளியே குதிரையின் மேல் உட்கார்ந்தன.

"அக்கா... ஏழு தடவ வந்திருக்கா. இன்னையோட எட்டு... ஒரு நாளு மழ. நல்ல மழ, அக்கா. அவ தொப்பியிலேருந்து தண்ணி கயிறு மாதிரி ஒழுகுது. குதிரை நடுங்குது. நிக்கறா. அரைமணி நேரம் நின்னிருப்பா. நான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவ கண்ணு இந்தப் பக்கம் திரும்பினதும் நான்... திரைய இழுத்து விட்டுட்டேன். முழுசா... அவ பாத்திருப்பா. கண்டிப்பாப் பாத்திருப்பா. அதுக்கப்புறமும் அடுத்த ஞாயித்துக்கெழம வந்தாளே, அக்கா. நானா இருந்தா வந்திருப்பேனா?"

பிறகு மரிலூஸ் ஒரு கேள்வி கேட்டாள். சின்னக் கேள்விதான்.

"காலுறையா?... அவருக்குச் சின்னதுன்னு சொன்னேனே... ஆமா, ரொம்பச் சின்னது... யாரு காலுக்கா?... தெரியல... இரு."

அவள் தன் காலணியைப் பார்த்தாள். லாரியை விட்டு இறங்கிய அன்று ஒத்தீலியா பார்த்தது போலவே, மேலிருந்து கீழாகப் பார்த்தாள். மெல்லிய துணி, பக்கவாட்டில் ஒரு கிழிசல், அதன் வழியே பனித்தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"...என் காலு அளவு, அக்கா."

காற்று சற்று அடங்கியிருந்தது. கேட்டில் நின்ற குதிரை ஒரு காலால் தரையைத் தட்டிற்று.

"நான் என்ன மனுசி? அத மூஞ்சியில வீசினேனே. கீழ போடவும் மனசு வராம, வெளிய சொல்லவும் முடியாம, அதுக்காகத்தான் இவரு தன் கால நெருக்கி நெருக்கி... ஐயோ... திட்டாத. நீ திட்டாத, என்னை நானே திட்டிக்கறேன்... என்ன பண்ணணும்னா? இப்ப போயி எப்படி அக்கா? எந்த முகத்தோட? 'ஏழு தடவ உங்களப் பாத்துக்கிட்டுத்தான் ஒளிஞ்சிருந்தேன், வாங்க, வந்து உக்காருங்க'ன்னா? அடுத்த வாரம் பாத்துக்கலாம். அடுத்த வாரம் அடுப்பெல்லாம் மெழுகி, ரொட்டி ஏதாவது சுட்டு... வெள்ளிக்கிழமையா? வெள்ளிக்கிழம என்ன?... ஆ... லாரி... அத அப்புறம் பேசலாம்."

ஒத்தீலியா சேணத்திலிருந்து ஒரு பையை அவிழ்த்தாள். ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். திரை அசையவில்லை, அதன் பின்னால் இன்று யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. பையைக் கம்பத்தில் மாட்டினாள்.

"மாட்டிட்டா. பைய மாட்டிட்டா... கயித்த இழுக்கறா. திரும்பறா, அக்கா! போறா!... நானா? இங்கேருந்தா?... கேக்குமா?... என்ன சொல்லணும்னு மறுபடி சொல்லச் சொல்லு அந்த அம்மாவ... அவ்வளவுதானா? அது மட்டும் போதுமா?... போயிட்டே இருக்கா... அவ இனிமே வராட்டி? எட்டாவது தடவயோட போதும்னு நெனச்சுட்டா?... ஆமா... ஆமா, ஆமா, கத்தறேன், நீ கத்தாத!"

சுலெய்மா கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே, மறு கையை வாயருகே குவித்தாள். மாதாவின் பெயரை ஒருமுறை சொல்லிக்கொண்டாள். நான்கு மாதமாக அந்தப் பள்ளத்தாக்கில் அவள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதல் தடவை குரல் பாதியில் உடைந்தது.

"ஒத்தீ... ஒத்தீலியா!... ஒத்தீலியா! இங்க! மேல!... எறங்குங்க! எறங்குங்க, ஒத்தீலியா! உள்ள வாங்க!"

குதிரை நின்றது. அதன் மேலிருந்தவள் முதலில் வீட்டைப் பார்த்தாள். பிறகு சரிவில் தேடி, பாறையின் மேல் சால்வை பறக்க நின்ற உருவத்தைக் கண்டாள். கொட்டகை வாசலில் எலியேசரும், ஒரு கையை இடுப்பில் வைத்தபடி, வாய் திறந்து நின்றான். பிறகு அந்தப் பெண் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். வலது காலைப் பின்புறமாகத் தூக்கி, சேணத்தைத் தாண்டி, தரையில் வைத்தாள்.

"எறங்கிட்டா... அக்கா, எறங்கிட்டா. கேட்டத் தொறக்கறா. நாய் ரெண்டும் வால ஆட்டுது, பாரு, இவ்வளவு நாளா என்னமா கொலைச்சுதுங்க... சிரிக்கறா. பல்லு ஒண்ணு இல்ல அவளுக்கு, இவ்வளவு நாள் தெரியவே இல்ல... அந்த அம்மாவுக்கு... அந்த அம்மாவோட பேரு என்ன? அவங்களுக்கு நான் ஒரு ஜெபம் சொல்லுவேன்னு சொல்லு. சாயம் காஞ்சிருக்கும், கழுவி விடு மொதல்ல!... ஐயோ, அடுப்புல தண்ணி கூட வெக்கல. குடுக்க ஒண்ணும் இல்ல. அவ குடுத்த ரொட்டியத்தான் அவளுக்கே குடுக்கணும்... எந்தக் கட்டிலு?... ஓ, அந்தக் கட்டிலா? துணிய எடுத்துட்டியா? எதுக்கு எடுத்த? மறுபடியும் அதுலயே காயப்போடு, நல்லா காயட்டும்... ஆமா... ஆமா, ஆமா, அடுத்த ஞாயித்துக்கெழம பேசறேன். அவர முன்னாடி நிக்க வெச்சு நானும் ஏறப் போறேன், அந்தக் குதிரையில, யாரு மொதல்ல விழறான்னு... சரி, சரி, அவ வாசல்ல நிக்கறா, நான்—"

அவளுடைய இடது கால் பள்ளத்தை விட்டு வெளியே வந்தது. திரையில் இருந்த கோடுகள் இரண்டும் அணைந்தன.